கூரையில் நிற்கும் கோபுரம்

(எமது வானொலியின் மாதாந்த நலவாழ்வு நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். "பிள்ளை, லண்டனில ஏசியால நியூமோனியா வந்து சனம் செத்ததாமே. பேரன் அங்கதான் படிக்கிறான். எங்கட வீட்டு ஏசியை இனிப் போடலாமோ?" என்று கேட்டார். நான் முதலில் இங்கிலாந்து லண்டனை நினைத்துவிட்டேன். அவர் சொன்னது எங்கள் ஒன்ராறியோவில், 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் லண்டன். 2025 கோடையில் அங்கே லீஜனெயர்ஸ் நோய் பரவி 100 பேருக்கு மேல் நோயுற்றார்கள், சிலர் இறந்தும் போனார்கள். அதற்கு முந்திய ஆண்டும் அதே நகரில் அந்த நோய் பரவியிருந்தது.

அந்த அம்மாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஜன்னலில் பூட்டும் ஏசியாலோ காருக்குள் இருக்கும் ஏசியாலோ இந்த நோய் இப்படிப் பரவுவதில்லை. அவை தண்ணீரைத் தூவிக் குளிராக்குபவை அல்ல. பயமில்லாமல் போடுங்கள். ஆனால் அவருடைய கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. பேரன் இருக்கும் நகரில் ஆபத்து எந்தக் கூரையில் இருந்து வருகிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியுமா? தெரிந்தால் எங்களுக்கு எப்போது சொல்வார்கள்? அதைத்தான் இன்று கதைக்கப் போகிறேன்.

பெரிய கட்டடங்களில் உள்ளே இருக்கும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு கூரைக்குப் போகிறது. அங்கே ஒரு பெரிய பெட்டி போல ஒன்று நிற்கும். வேலையிடங்களில் கூலிங் ரவர் என்பார்கள், நாங்கள் குளிர்விப்புக் கோபுரம் என்போம். மேலிருந்து தண்ணீர் விழ, விசிறி காற்றை இழுக்க, சூடு ஆவியாகப் போய்விடும். அந்த ஆவியோடு கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளும் வெளியே போகும். கோபுரத்தைக் கழுவாமல், மருந்து போடாமல் விட்டால் உள்ளே பாசியும் துருவும் வழுவழுப்பான படலமும் பிடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரும் இந்த அழுக்கும் சேர்ந்தால் லீஜியோனெல்லா என்ற கிருமிக்கு அது விருந்து. துளியோடு கிருமி பறக்கும். அதை மூச்சில் இழுத்தவருக்கு இரண்டு நாளில் இருந்து இரண்டு கிழமைக்குள் கடும் காய்ச்சலும் நியூமோனியாவும் வரலாம். எல்லோருக்கும் வராது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நுரையீரல் நோயாளர்கள், நீரிழிவுக்காரர் ஆகியோரைத்தான் அதிகம் பிடிக்கும். நீரிழிவு எங்கள் வீடுகளில் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை என்றே கொள்ளலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 2005இல் நாங்கள் இதைத் தெரியாமல் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நான் அப்போது ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். செய்தியில் வந்த இல்லம் அல்ல, வேறொன்று. செய்தியில் வந்தது நீல்சன் வீதிப் பக்கம் இருந்த செவன் ஓக்ஸ் இல்லம். அது ரொறன்ரோ நகரசபையே நடத்திய இல்லம். செப்ரெம்பர் கடைசிக் கிழமையில் அங்கே முதியவர்களுக்கு மூச்சு நோய் வரத் தொடங்கியது. ஒருவர் இருவர் என்று இல்லை, அடுக்கடுக்காக. இறப்புகளும் வந்தன. என்ன நோய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஸ்காபரோவில் மூச்சு நோய் என்றால் எங்களுக்கு ஒரே ஒரு சொல்தான் நினைவுக்கு வரும். 2003 மார்ச்சில் சார்ஸ் இந்த நகரில் காலூன்றியது ஸ்காபரோ கிறேஸ் வைத்தியசாலையில்தான். கனடாவில் 44 பேர் அதில் இறந்தார்கள். எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வைத்தியசாலையில் பிறந்தவர்கள், எத்தனை பேர் அங்கே துப்புரவு வேலை செய்தவர்கள்! ஆகவே 2005 ஒக்ரோபரில் பேருந்தில் சீருடையோடு ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். என் கணவர் கராஜில் உடுப்பு மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்றார். அவர் மேல் குறை சொல்லமாட்டேன், சின்னப் பிள்ளைகள் வீட்டில். நான் வேலை செய்த இல்லத்தின் மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, குடும்பத்தவர்கள் ஏதும் கேட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கள் என்றார். உண்மையிலேயே எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதை ஏன் உத்தரவாகச் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தமிழ் ஆச்சி ஒருவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்கள் ஒரு தமிழ் ஆள், எனக்காவது சொல்லுங்கோ" என்று கேட்டது நினைவிருக்கிறது. சொல்ல என்னிடம் ஏதும் இருக்கவில்லை.

ஒக்ரோபர் 6ஆம் திகதிதான் விடை வந்தது. தொடக்கத்தில் செய்த சோதனைகள் இந்தக் கிருமியைக் காட்டவில்லை. இறந்தவர்களின் நுரையீரலில் இருந்து எடுத்த சதைத் துண்டைச் சோதித்தபோதுதான் லீஜியோனெல்லா என்று தெரிந்தது. அதற்குள் 16 பேர் இறந்துவிட்டார்கள். மாகாணத்தின் தலைமைச் சுகாதார அதிகாரியாக அப்போது இருந்தவர் டொக்ரர் ஷீலா பஸ்ரூர். சார்ஸ் காலத்தில் தொலைக்காட்சியில் தினமும் கண்ட அதே முகம், பெற்றோர் இந்தியாவில் இருந்து வந்தவர்கள். இது சார்ஸ் அல்ல, ஆளுக்கு ஆள் தொற்றாது என்று தெரிந்தபோது எங்கள் ஓய்வறையில் சிலர் அழுதே விட்டார்கள்.

கடைசிக் கணக்கில் 135 பேர் நோயுற்றிருந்தார்கள். இல்லத்தில் இருந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். ஊழியர்களும் பார்க்க வந்தவர்களும் நோயுற்றார்கள். அந்த இல்லத்தில் வசிக்காத, அங்கே வேலை செய்யாத, சுற்றுப்புறத்தில் இருந்த ஐந்து பேரும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். ஆபத்து வந்த வழி கூரையில் நின்ற குளிர்விப்புக் கோபுரம். நாங்கள் பத்துப் பன்னிரண்டு நாட்களாக ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்து ஒதுங்கினோம். கிருமி தலைக்கு மேலே இருந்து வந்துகொண்டிருந்தது.

அரசாங்கம் என்ன செய்தது? உடனே நிபுணர் குழு அமைத்தது. தலைவர் கிங்ஸ்ரனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் டொக்ரர் டேவிட் வோக்கர். சார்ஸுக்குப் பின் அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். மாகாணத்தின் பொதுச் சுகாதாரச் சோதனைக்கூடத்தை வலுப்படுத்துங்கள் என்று சார்ஸ் குழு ஏற்கனவே சொல்லியிருந்தது. இரண்டு ஆண்டில் அதே மனிதர் திரும்ப வந்து அதே கூடத்தைப் பார்க்க நேர்ந்தது. ஆனால் நியாயமாகச் சொல்லவேண்டும், அதன் பிறகு வேலை நடந்தது. 2007இல் சட்டம் கொண்டுவந்து, இன்று பொதுச் சுகாதார ஒன்ராறியோ என்று நாம் அறியும் நிறுவனத்தை உருவாக்கி, சோதனைக்கூடங்களை அதன் கீழ் கொண்டுவந்தார்கள். கோவிட் காலத்தில் நீங்கள் கேள்விப்பட்ட அதே நிறுவனம்தான்.

நோயைக் கண்டுபிடிக்கும் கை பலமானது. நோய் எங்கே இருந்து வருகிறது என்ற கணக்கு? அதை ஒன்ராறியோ எடுக்கவில்லை. மாகாணம் முழுவதிலும் எந்தெந்தக் கூரையில் கோபுரம் நிற்கிறது, யார் சொந்தக்காரர், கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று சொல்லும் பதிவேடு 2025 கோடையில் லண்டனில் நோய் பரவியபோதும் இருக்கவில்லை. ஹமில்ரன் நகரசபை மட்டும் தன் எல்லைக்குள் நோய் கண்ட பின்பு, 2011இல் தானாகவே ஒரு உபவிதி இயற்றி, கோபுரங்களைப் பதிய வைத்தது. மற்ற நகரங்கள் பெரும்பாலும் மாகாணத்தைப் பார்த்தன, மாகாணம் நகரங்களைப் பார்த்தது.

பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கியூபெக் நகரத்தைப் பாருங்கள். 2012 யூலையில் அந்த நகரின் கீழ்ப்பகுதியில் நோய் தொடங்கியது. எந்தக் கட்டடத்தில் கோபுரம் இருக்கிறது என்ற முழுமையான பட்டியல் அதிகாரிகளிடம் இல்லை. தேடிப் போய்ப் பட்டியலைத் தயாரிக்கவேண்டி இருந்தது. கட்டடச் சொந்தக்காரர்களுக்குக் கழுவுங்கள் என்று கடிதம் போனது. ஓகஸ்ற் மாதம் முழுவதும் நோயாளர்கள் கூடினார்கள். முடிவில் 180 பேருக்கு மேல் நோயுற்று, 14 பேர் இறந்தார்கள். மரண விசாரணை அதிகாரி பகிரங்க விசாரணை நடத்தினார். ஒரே ஒரு கட்டடத்தின் கோபுரமே காரணம்.

கியூபெக் மாகாணம் அதோடு நிற்கவில்லை. 2013இல் விதி கொண்டுவந்து ஒவ்வொரு சொந்தக்காரரும் தன் கோபுரத்தை மாகாணக் கட்டட ஆணையத்தில் பதியவேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டில் இருந்து கோபுரம் ஓடும் காலத்தில் மாதம் ஒரு முறை தண்ணீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். ஒரு லீற்றரில் கிருமிக் கணக்கு 10,000ஐத் தொட்டால் காரணத்தைக் கண்டு திருத்தவேண்டும். 10 லட்சத்தைத் தொட்டால் விசிறியை உடனே நிறுத்தவேண்டும், சோதனைக்கூடமே பொதுச் சுகாதார அதிகாரிக்கு நேரடியாக அறிவிக்கவேண்டும். சொந்தக்காரர் சொல்லட்டும் என்று காத்திருக்கும் வேலை இல்லை. எனக்கு இதில் மிகப் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். மொன்றியலில் இருந்து எங்கள் நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் இந்த ஒரு விடயத்தில் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள்.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்களைக் கேட்டுப்பாருங்கள். மெல்பேர்னில் புதிதாகத் திறந்த மீன் காட்சியகத்துக்கு 2000 ஏப்ரலில் போய் வந்தவர்களில் 125 பேருக்கு இந்த நோய் வந்தது. அந்த ஆண்டே விக்ரோறியா மாநிலம் சட்டம் இயற்றி, எல்லாக் கோபுரங்களையும் பதிய வைத்தது. பிரான்சில் 2003 கடைசியிலும் 2004 தொடக்கத்திலும் வடக்கே லான்ஸ் நகரத்துப் பக்கம் ஒரு இரசாயனத் தொழிற்சாலையின் கோபுரத்தால் 86 பேர் நோயுற்று 18 பேர் இறந்தார்கள். ஆறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தவர்களையும் அது பிடித்தது. அங்கே ஒரு பாடம் இருக்கிறது. தொழிற்சாலையை நிறுத்திக் கழுவச் சொன்னார்கள். அழுத்தமான நீரைப் பீய்ச்சிக் கழுவியபோது கிருமி காற்றில் கிளம்பி இரண்டாவது அலையாக வந்தது. எங்கள் பொடியன்கள் பலர் கட்டடத் துப்புரவு வேலை செய்கிறார்கள். கோபுரத்தைக் கழுவச் சொன்னால் முகக்கவசம் தந்தார்களா என்று முதலில் கேளுங்கள். தராவிட்டால் ஒன்ராறியோச் சட்டப்படி ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

பதிவேடு இருந்துவிட்டால் எல்லாம் சரியா என்றால், இல்லை. நியூயோர்க் 2015இல் தென் பிறொங்ஸ் பகுதியில் 100 பேருக்கு மேல் நோயுற்ற சில கிழமைகளுக்குள்ளேயே சட்டம் இயற்றிப் பதிவேடு தொடங்கிய நகரம். அதே நகரில் 2025 கோடையில் ஹார்லெமில் 114 பேர் நோயுற்று ஏழு பேர் இறந்தார்கள். பதிவேடு இருந்தபடியால் அப்பகுதிக் கோபுரங்களை எல்லாம் விரைவாகச் சோதிக்க முடிந்தது. சோதித்து எங்கே போய் நின்றார்கள் தெரியுமா? ஒன்று நகரத்தின் ஹார்லெம் வைத்தியசாலை. மற்றது நகரத்தின் புதிய பொதுச் சுகாதாரச் சோதனைக்கூடத்தைக் கட்டிக்கொண்டிருந்த இடம்! அதன் பின்புதான் 90 நாளுக்கு ஒரு தடவை என்று இருந்த சோதனையை மாதத்துக்கு ஒரு தடவையாக்க நகரசபை முடிவெடுத்தது. ஏட்டில் எழுதிவைத்தால் போதாது, ஏட்டைப் பார்த்து ஆள் போகவும் வேண்டும்.

இந்த நோய்க்கு அப்படியொரு குணம் இருக்கிறதோ என்று சில வேளை நினைப்பேன். 1976 யூலையில் பிலடெல்பியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜன் மாநாடு கூடியபோதுதான் இதற்குப் பெயரே வந்தது. 34 பேர் இறந்தார்கள். கிருமியைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் பிடித்தது. 1977 சனவரியில் அறிவித்தார்கள். பிறகு பழைய இரத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது, 1968இல் மிச்சிகனில் பொண்டியாக் என்ற ஊரில் 144 பேருக்கு வந்த மர்மக் காய்ச்சலும் இதே கிருமியால்தான் என்று தெரிந்தது. அது பரவிய கட்டடம் வேறொன்றும் இல்லை, அந்த மாவட்டத்தின் சுகாதாரத் திணைக்களம்.

சொல்லாமல் விடுவதன் விலையையும் மிச்சிகனே காட்டியது. பிளின்ற் நகரின் குடிநீரை 2014இல் மாற்றிய பின்பு அந்தப் பகுதியில் 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 90 பேரளவில் நோயுற்று 12 பேர் இறந்தார்கள். ஆளுநர் அதைப் பொதுமக்களுக்கு அறிவித்தது 2016 சனவரியில்! பிறகு வழக்குகள் போட்டார்கள், அவை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இங்கிலாந்தில் பாரோ என்ற ஊரில் 2002இல் நகரசபையின் கலை மண்டபத்து ஏசியால் ஏழு பேர் இறந்தபோது நகரசபையையே கொலைக்குற்றம் சாட்டிக் கூண்டில் ஏற்றினார்கள், அந்த நாட்டில் ஒரு நகரசபைக்கு அதுதான் முதல் தடவை. அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்கு 125,000 பவுண் தண்டம் கட்டியது. அந்தத் தண்டமும் ஊர்மக்களின் வரிப்பணம்தானே என்று அப்போது பலர் கேட்டிருப்பார்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனாலும் ஒரு பராமரிப்புச் செலவை வெட்டுமுன் இன்னொரு அதிகாரி இரண்டு தடவை யோசிப்பார் அல்லவா?

இனி வீட்டுக்கு வருவோம். வயதானவருக்கு நியூமோனியா என்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், லீஜியோனெல்லாச் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். சொல்லை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ச் சோதனை ஒன்று இருக்கிறது, விரைவில் முடிவு வரும். ஆனால் அது முக்கியமான ஒரு வகையை மட்டுமே பிடிக்கும். ஆகவே இல்லை என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் சளியையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நியூமோனியாவுக்கு வழமையாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. வேறு வகை வேண்டும், காலம் தாழ்த்தாமல் வேண்டும். கடந்த இரண்டு கிழமையில் எங்கெங்கே போனார், ஹோட்டலில் தங்கினாரா, கோவில் கலியாண மண்டபம் என்று எங்கே இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். அந்தத் தகவலை வைத்துத்தான் சுகாதார அலுவலர்கள் வரைபடத்தில் புள்ளி குத்துகிறார்கள். ஆங்கிலம் வராது என்று பேசாமல் இருந்துவிட்டால் எங்கள் ஆளின் புள்ளி அந்தப் படத்தில் விழாது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள்.

பெற்றோரை இல்லத்தில் விட்டிருப்பவர்கள் அடுத்த குடும்பக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். உங்கள் கட்டடத்தில் குளிர்விப்புக் கோபுரம் இருக்கிறதா, கடைசித் தண்ணீர்ச் சோதனை எப்போது, அதன் முடிவைக் காட்டமுடியுமா? இதில் சண்டை ஒன்றும் இல்லை. தாயாரின் மருந்துப் பட்டியலைக் கேட்பது போலத்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வட்டாரத்து நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன கிழமை தொலைபேசி எடுத்து, இந்த வட்டாரத்தில் எத்தனை கோபுரங்கள் இருக்கின்றன என்று கேட்டேன். எடுத்த பிள்ளை மிக மரியாதையாகக் கதைத்தது. இரண்டு தடவை கோபுரம் என்றால் கைத்தொலைபேசிக் கோபுரமா என்று கேட்டது. விளக்கிச் சொன்னேன். பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, விசாரித்துவிட்டு எடுக்கிறோம் என்றார்கள். இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்த மாத நிகழ்ச்சியில் சொல்கிறேன். நீங்களும் உங்கள் வட்டாரத்தில் கேட்டுப்பார்த்து, கிடைத்த பதிலை நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள்.